டிசைனுக்கு ஐடியா பார்க்க எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அல்வா டப்பா, ஜவுளிக்கடைப் பை, பள்ளி ஆண்டு மலர், கொஞ்ச காலமாக வெப்சைட், ஆப் ஸ்கிரீன் என்று எது வந்தாலும் செய்வோம். வேலை பழக வருகிற தம்பி தங்கைகள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, நீங்க ஐடியாவுக்கு எந்த சைட் பாப்பீங்க?" தனித்தனியாகச் சொல்லி வந்ததையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்குப் பிடித்ததற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், மற்றதைச் சீக்கிரம் முடித்திருக்கிறேன்.

முதன்முதலாகப் பார்க்க ஒரே ஒரு தளம் சொல்லுங்கள் என்றால்?

பிஹான்ஸ். டிசைனர்கள் தாங்கள் செய்த வேலைகளைப் போட்டுக் காட்டும் தளம், 2012இல் அடோபி நிறுவனம் வாங்கியது, பார்க்கக் காசு வேண்டாம். அங்கே ஒரு வேலையை ஒற்றைப் படமாகப் போடமாட்டார்கள், நீளமான ஒரு பக்கமாகப் போடுவார்கள். பென்சில் கிறுக்கல், வேண்டாம் என்று ஒதுக்கிய நாலைந்து லோகோ, எடுத்துக்கொண்ட நிறங்கள், டப்பாவைப் பிரித்து விரித்தால் மடிப்புக்கோடு எங்கெங்கே விழுகிறது, கடைசியில் அச்சாகி வந்ததைக் கையில் பிடித்து எடுத்த போட்டோ என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். மேலே இருக்கிற பளபளப்பான முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள், அது இலையில் வைத்த அப்பளம். சோறு கீழேதான் இருக்கிறது, அந்த விரித்த டப்பா படத்தில்.

நான் இதை ஒரு தேயிலை டப்பாவில் கற்றுக்கொண்டேன். முன்பக்கத்தில் இருந்த கொடி மடிப்புக்கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு அரை இன்ச் போல ஏறி இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அரை இன்ச்சால், கடைத் தட்டில் டப்பா கொஞ்சம் கோணலாக நின்றாலும் இரண்டு பக்கமும் ஒரே படமாகத் தெரியும். அதற்கு முன்னால் நான் செய்த டப்பாக்கள் எல்லாம் நாலு பக்கமும் நாலு தனித்தனி நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

தேடும்போது 'பேக்கேஜிங்', 'டைப்போகிராஃபி' என்று துறை வாரியாக வடிகட்டிப் பாருங்கள், முகப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

டிரிபிள் எப்படி?

இதுவும் டிசைனர்கள் வேலையைப் போட்டுக் காட்டும் தளம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் மூன்று 'பி' வரும், தேடும்போது கவனம். 2009இல் தொடங்கியது. ஆரம்பத்தில் 400க்கு 300 பிக்ஸல் அளவில்தான் படம் போட முடியும், அதாவது ஒரு வேலையின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிற இடமாகத்தான் அது வளர்ந்தது, அந்தக் குணம் இன்றும் போகவில்லை. ஐகான், குட்டி அனிமேஷன், நிறச் சேர்க்கை பார்க்க நல்லது. ஒரு முழு வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அங்கே போகாதீர்கள். அதிலிருக்கும் பல ஆப் ஸ்கிரீன்கள் யாரும் கேட்டுச் செய்தவை இல்லை, பழகுவதற்காகச் செய்தவை. அதில் தப்பில்லை, ஆனால் அந்த ஸ்கிரீனில் 'முத்துக்குமாரசுவாமி' என்று ஒரு பெயர் வந்தால் கட்டத்துக்குள் அடங்குமா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பின்ட்ரெஸ்ட் ஒன்றே போதாதா? எல்லாரும் அதைத்தானே பார்க்கிறார்கள்?

போதாது. நானும் தினம் பார்க்கிறேன், சேர்த்து வைக்க அதைப் போல வசதி வேறு இல்லை. ஒரு படத்தைச் சேர்த்தால் அது மாதிரி நூறு படம் கொண்டுவந்து கொட்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாதிரியின் மாதிரியின் மாதிரி என்று போய், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாம் சேர்த்து வைத்த போர்டில் இருக்கிற முப்பது படமும் ஒரே படம் போலத் தோன்றும்.

அதைவிடப் பெரிய விஷயம், படம் யாருடையது என்பது அங்கே தொலைந்துபோகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடைக்கு மயில் லோகோ ஒன்று செய்தேன். பின்ட்ரெஸ்ட்டில் கண்ட மயில், பெயர் எதுவும் இல்லை, தோகையைக் கொஞ்சம் மாற்றி நிறத்தையும் மாற்றினேன். போர்டு ஏறி, பை அச்சடித்து, தீபாவளியும் முடிந்தது. தை மாதம் கடைக்காரர் ஒரு போட்டோவை நீட்டினார். அவர் மருமகன் வெளியூரில் எடுத்தது, வேறொரு கடையின் போர்டு, அதே மயில், கழுத்து வளைவுகூட அப்படியே. அவர் சத்தம் போடவில்லை. "இது நம்ம மயில்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். லோகோவைப் புதிதாகச் செய்து கொடுத்தேன், பை அச்சுக்கூலியை நானே ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: படத்தைத் தட்டி மூலத் தளத்துக்குப் போய்ப் பார்ப்பது, அது கிடைக்காவிட்டால் கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுத் தேடுவது. அப்படியும் ஆள் தெரியவில்லை என்றால் அதைப் பார்த்து ரசிக்கலாம், தொடக்கூடாது.

இப்போது ஏஐ படங்களும் அங்கே வெள்ளமாக வருகின்றன. அவற்றைக் குறைத்துக் காட்டச் சொல்லும் வசதியை 2025இல் கொண்டுவந்தார்கள், செட்டிங்ஸில் போய் அதைப் போட்டுவிடுங்கள். கோயில் கோபுரம், நகை, பட்டுச்சேலை என்று தேடும்போது ரொம்பவே தேவைப்படும். ஏஐ வரைந்த கோபுரத்தில் நிலைகளை எண்ணிப் பாருங்கள், ஒரு பக்கம் ஐந்து இருக்கும், மறுபக்கம் ஆறு இருக்கும். ஜரிகை பார்டரில் ஒரு மாங்காய் போல அடுத்தது இருக்காது. நெசவே தெரியாத கை போட்ட டிசைன் அது, அதைப் பார்த்துப் பழகினால் நம் கண்ணும் கெடும்.

அரீனா என்று ஒன்று சொல்கிறார்களே?

பார்த்ததைச் சேர்த்து வைக்கிற தளம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஏஆர்இ', ஒரு புள்ளி, 'என்ஏ' என்று வரும். விளம்பரம் இல்லை, லைக் இல்லை. ஒரு தலைப்பில் ஒரு சேனல் திறந்து படம், எழுத்து, இணைப்பு எதை வேண்டுமானாலும் அதில் போட்டு வைக்கலாம், அடுத்தவர் சேனலில் இருப்பதை நம் சேனலிலும் இணைத்துக்கொள்ளலாம். மெதுவான இடம். நம் ரசனையைக் கணக்குப் போட்டு எதையும் தள்ளிவிடாது, ஒரு மனிதர் கையால் பொறுக்கி வைத்ததைத்தான் பார்ப்போம். எங்கோ ஒருவர் ரயில் டிக்கெட்டுகளை மட்டும் சேர்த்திருப்பார், இன்னொருவர் பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை.

நான் அங்கே வீட்டுக் கதவு எண்களுக்கு ஒரு சேனல் வைத்திருக்கிறேன். மேலப்பாளையம், டவுன் மாடவீதி, பேட்டை என்று போகிற இடத்தில் எல்லாம் எடுத்தது. பச்சைக் கதவில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய 7ஐ ஒருவர் மேல்கோடு வளைத்து எழுதியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் அதையே விறைப்பாக நேராக இழுத்திருப்பார். ஒரு பழரசக் கடை விலைப்பட்டியலுக்கு எண்கள் வேண்டியிருந்தபோது இந்தச் சேனலில் இருந்துதான் வரையத் தொடங்கினேன்.

தமிழ் எழுத்து வைத்துச் செய்யும் வேலைக்கு இந்த வெளிநாட்டுத் தளங்கள் உதவுமா?

பாதி உதவும். மீதிப் பாதி நம்மைத் தப்பான வழியில் கொண்டுபோய் விடும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அங்கே பார்க்கிற அழகான லேஅவுட்டுகளில் முக்கால்வாசி ஆங்கிலப் பெரிய எழுத்தை நம்பி நிற்பவை. பெரிய எழுத்தில் எல்லாம் ஒரே உயரம், செங்கல் அடுக்கியதுபோல மேலும் கீழும் நேர்க்கோடு கிடைக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. 'கி', 'கீ' மேலே ஏறும், 'கு', 'மூ' கீழே இறங்கும். அந்த லேஅவுட்டில் தமிழை அப்படியே கொண்டுபோய் வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும், அதனால் வரி இடைவெளி கூடுதலாகத் தர வேண்டும். அடுத்தது, எழுத்துக்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு எழுதுகிற பாணி. ஆங்கிலத்தில் அது எடுப்பாக இருக்கும். தமிழில் 'கொ' என்பது கொம்பு, 'க', கால் என்று மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று விலகி, படிக்கிறவர் தடுக்கி விழுவார். அப்புறம் நீளம். 'சேல்' என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிவது 'தள்ளுபடி விற்பனை' ஆகும்போது அந்த வட்டத்துக்குள் எப்படி அடங்கும்?

ஆகவே தமிழுக்கென்று வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, உங்கள் கடைப் பெயரையே அடித்துப் பாருங்கள். முக்த மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, கேட்டமரான், மீரா இனிமை, கவிவனார், நோட்டோவின் தமிழ் வடிவங்கள் என்று நிறையக் கிடைக்கின்றன, எல்லாம் இலவசம். எனக்கு ரொம்பப் பிடித்தது அனெக் தமிழ். எக் டைப் குழுவினர் 2022இல் வெளியிட்டது. தடிமனை மட்டும் அல்ல, அகலத்தையும் ஒடுக்கலாம், விரிக்கலாம், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு இதைப் போல உதவி வேறில்லை. எந்த ஃபான்ட் எடுத்தாலும் 'ணை', 'ஜ', 'ஞ', 'ழு', 'ஸ்ரீ' ஐந்தையும் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல ஃபான்ட் 'அம்மா' என்ற சொல்லில் அழகாக இருக்கும், 'ஞாயிறு' என்றால் தடுமாறும்.

எழுத்து எங்கே எப்படிப் பயன்பட்டது என்று பார்க்க ஃபான்ட்ஸ் இன் யூஸ் என்ற தளம், 2010 முதல் நடக்கிறது. புத்தக அட்டை, கடை போர்டு, இசைத்தட்டு உறை என்று நிஜமாக அச்சான பொருளைக் காட்டி, அதில் உள்ள ஃபான்ட்டின் பெயரையும் சொல்லும். தமிழ் உதாரணம் குறைவுதான், ஆனாலும் ஒரு ஃபான்ட்டை ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்று யோசிக்க அதைவிட நல்ல பள்ளி நான் பார்க்கவில்லை. கையால் எழுதிய போர்டுகளில் ஆசை இருந்தால் ஹேண்ட்பெயின்டட் டைப்பைப் பாருங்கள். 2024இல் மறைந்த ஹனிஃப் குரேஷி தொடங்கியது, தெருவில் போர்டு எழுதும் பெயிண்டர்களின் எழுத்தை ஃபான்ட்டாக மாற்றிய முயற்சி. நெல்லை ஜங்ஷன் பக்கம் பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் எழுதிய போர்டுகள் சுவரோடு சுவராக இன்னும் சில நிற்கின்றன. அவற்றை யாராவது இப்படிச் செய்யவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நம் பக்கத்துப் பழைய டிசைன்கள் இணையத்தில் கிடைக்குமா?

கிடைக்கும், தேடும் இடம் தெரியவேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே படிக்காவிட்டாலும் முதல் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். திருநெல்வேலியில் 1920இல் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பழைய பதிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஈய எழுத்தும் பார்டர் அச்சும் மட்டும் வைத்துக்கொண்டு, படமே இல்லாமல், ஒரு தலைப்புப் பக்கத்தை எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று. எழுத்தின் அளவை வரிக்கு வரி மாற்றியே எது முக்கியம், எது அடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு நாம் பத்து எஃபெக்ட் போட்டும் கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயர் தெரியமாட்டேன் என்கிறது.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர் ஒருவர் தனி ஆளாகச் சேர்த்த சேகரிப்பில் இருந்து 1994இல் உருவானது. எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை, சென்னை போகிற அன்று ஒரு நாள் ஒதுக்கி நேரில் போகலாம். தஸ்வீர் கர் என்ற தளம் காலண்டர் படம், போஸ்டர், லேபிள் என்று தெற்காசிய வெகுஜனப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரையோடு போடுகிறது. ஆங்கிலத்தில்தான், படங்களுக்காகவே பார்க்கலாம்.

காலண்டர் படம் என்றாலே நம் பக்கத்து விஷயம். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர், நாடகத் திரைச்சீலைகளும் வரைந்தவர், அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசியில் அச்சாகி நாட்டின் வீடுகளுக்கெல்லாம் போயின. எங்கள் ஆச்சி வீட்டுப் பூஜை அறையில் பார்த்த லட்சுமி, முருகன் முகமெல்லாம் அந்தப் பரம்பரைதான். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்துக்குப் பின்னால் ஒளி வட்டம், அதற்குப் பின்னால் இருட்டான திரை அல்லது தோட்டம், கால்பக்கம் பூக்கள். கண் முதலில் முகத்துக்குத்தான் போகும், வேறு வழியே வைக்கவில்லை. நாடகத் திரை வரைந்த கை என்பது அதில் தெரியும். தீப்பெட்டி லேபிளும் அப்படித்தான். கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர்த் தீப்பெட்டிகளில் ஒரு யானை, ஒரு சாவி, ஒரு ரோஜா. எழுத்துத் தெரியாதவரும் கடையில் போய் "சாவி மார்க் கொடு" என்று கேட்க வேண்டும், இரண்டு விரல் அகலத்தில் அது நடக்க வேண்டும். இன்று ஆப் ஐகான் செய்கிறவருக்கு இருக்கும் கணக்கும் இதேதான். விக்கிமீடியா காமன்ஸ், ஃபிளிக்கர் இரண்டிலும் தீப்பெட்டி லேபிள் என்று தேடுங்கள்.

மியூசியம் தளங்களைப் பார்த்து நமக்கு என்ன பயன்?

எனக்கு மிக அதிகப் பயன் அங்கிருந்துதான். நியூயார்க் மெட் மியூசியம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் 2020இல் 28 லட்சம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் அதற்கும் முன்பே, 2012இல், பெரிய அளவுப் படங்களைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மெட் தளத்தில் 'கோரமண்டல்' என்று தேடினால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நம் கிழக்குக் கரையில் கையால் எழுதிச் சாயம் ஏற்றிய சித்திரத் துணிகள் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சிவப்புச் சாயம் கொஞ்சம் வெளியே கசிந்திருப்பதுவரை தெரியும். லண்டன் வி அண்ட் ஏ மியூசியத்திலும் தென்னிந்தியத் துணிகள் ஏராளம், ஆனால் அவர்கள் படத்தை வியாபாரத்துக்கு இலவசமாக எடுக்க முடியாது, பார்க்கவும் படிக்கவும் மட்டும். பழைய புத்தகப் படங்களுக்குப் பப்ளிக் டொமைன் ரிவ்யூ, 2011இலிருந்து நடப்பது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஏற்றது.

அப்படியானால் எதை எடுத்துப் பயன்படுத்தலாம், எதை எடுக்கக்கூடாது?

படத்தின் பக்கத்தில் உரிமைக் குறிப்பு இருக்கும், அதில் 'சிசி' என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது அனுமதி. 'சிசி ஜீரோ' அல்லது 'பப்ளிக் டொமைன்' என்று போட்டிருந்தால் எடுக்கலாம். 'சிசி பை' என்றால் பெயர் போட்டுவிட்டு எடுக்கலாம். அதில் 'என்சி' என்று இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ் என்ற இலவச போட்டோ தளங்களின் போட்டோக்களைக் கடை விளம்பரத்துக்கு எடுக்கலாம், ஆனால் அதில் ஓர் ஆளின் முகமோ ஒரு கம்பெனி லோகோவோ இருந்தால் யோசியுங்கள். பிஹான்ஸ், டிரிபிள், பின்ட்ரெஸ்ட்டில் காண்பதெல்லாம் பார்ப்பதற்கு.

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு காப்புரிமை நிற்கும், இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. ரவிவர்மா 1906இல் இறந்தார், அவர் ஓவியங்கள் பொதுவாகிவிட்டன. கொண்டையராஜு இறந்தது 1976இல். அப்படியானால் 2036 முடியும்வரை அவர் படங்களுக்கு உரிமை இருக்கிறது. பழைய காலண்டர்தானே என்று ஸ்கேன் பண்ணி அல்வா டப்பாவில் போட்டுவிட முடியாது.

இன்னொன்று, இது சட்டம் இல்லை, கணக்கு. பின்ட்ரெஸ்ட்டில் இறக்கும் படம் பெரும்பாலும் 736 பிக்ஸல் அகலம்தான் இருக்கும். ஆப்செட் அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் அது இரண்டரை இன்ச்சுக்குக்கூட வராது. ஏ4 முழுக்க நிரப்ப 2480க்கு 3508 பிக்ஸல் வேண்டும். பிரஸ்ஸில் பிளேட் போட்ட பிறகு "படம் உடையுது" என்று போன் வருவதெல்லாம் இதனால்தான்.

வெப்சைட், ஆப் டிசைனுக்கு எதைப் பார்ப்பது?

மோபின். நிஜமாகப் புழக்கத்தில் உள்ள ஆப்களின் ஸ்கிரீன்களை வரிசை மாறாமல் வைத்திருக்கிறார்கள், இலவசத்தில் கொஞ்சம்தான் தெரியும், அந்தக் கொஞ்சமே பழகுவதற்குப் போதும். வெப்சைட்டுக்கு லேண்ட்புக், சைட்இன்ஸ்பயர். அவார்ட்ஸ் என்ற தளம், மூன்று 'டபிள்யூ' போட்டு எழுதுவது, தினம் ஒரு தளத்துக்கு விருது கொடுக்கிறது. மதிப்பெண்ணில் டிசைனுக்கு 40, பயன்பாட்டுக்கு 30, புதுமைக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10 சதவீதம். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் முக்கூடல் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்தத் தளங்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள், ஊர் வந்து சேரும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். நம் கஸ்டமரின் கஸ்டமர் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறார்.

நிறங்களுக்கு?

அடோபி கலர், கூலர்ஸ் இரண்டும் போதும். ஒரு போட்டோவைக் கொடுத்தால் அதிலிருந்து ஐந்து நிறம் எடுத்துத் தரும். ஆனி ஆடிச் சாரலில் குற்றாலத்தில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நாம் பச்சை என்று ஒரே சொல்லில் சொல்வது அங்கே மூன்று பச்சையும் ஒரு சாம்பலுமாக வந்து நிற்கும். ஒரே எச்சரிக்கை, ஸ்கிரீனில் மின்னுகிற அந்த நியான் பச்சை, ஊதா எல்லாம் ஆர்ஜிபி, அதாவது வெளிச்சத்தால் ஆன நிறங்கள். சிஎம்ஒய்கே என்கிற நாலு அச்சு மையில் அந்த வெளிச்சம் வராது, மங்கித்தான் வரும். கஸ்டமருக்குக் காட்டுவதற்கு முன்பே சிஎம்ஒய்கேயில் மாற்றிவிட்டுக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

நான் இருபது நிமிஷம் வைத்துக்கொள்கிறேன். நேரத்தைவிட முக்கியம், போவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போவது. 'அல்வா டப்பா டிசைன்' என்பது கேள்வி இல்லை. 'மூடியில் எண்ணெய்க் கறை பட்டாலும் அசிங்கமாகத் தெரியாமல் இருக்க மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்?' இது கேள்வி. இப்படிப் போனால் அல்வாவையே தேடமாட்டீர்கள். பிரெட் கவர், மீன் பொரித்துக் கட்டும் தாள், சோப்பு டப்பா என்று கண் தானாக வேறு பக்கம் போகும். பிடித்த படத்தைச் சேமிக்கும்போது பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், ஏன் பிடித்தது என்று. 'நல்லா இருக்கு' என்று எழுதினால் கணக்கில் சேராது. 'பெயர் கீழே, விலை மேலே' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் உதவும்.

கஸ்டமர் ஒரு பின்ட்ரெஸ்ட் படத்தைக் காட்டி 'இதே மாதிரி வேணும்' என்றால்?

முடியாது என்று தொடங்காதீர்கள். டவுனில் இருந்து ஒரு அண்ணாச்சி வந்தார், இனிப்புக் கடை வைத்திருப்பவர். போனை நீட்டினார், வெளிநாட்டு சாக்லேட் டப்பா, முழுக்கக் கறுப்பு, நடுவில் மெல்லிய தங்கக் கோடு.

"தம்பி, இதே மாதிரி. ஒரு மாத்தமும் வேண்டாம்."

"நல்லா இருக்கு அண்ணாச்சி. இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சத்தம் இல்லாம இருக்குல்லா."

அவருக்கு வேண்டியது கறுப்பு இல்லை, அந்த அமைதி. கடையில் மற்ற டப்பாக்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கத்திக்கொண்டிருக்க, தன்னுடையது அமைதியாக இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். கறுப்பைச் சீர்வரிசைத் தட்டில் வைக்கமாட்டார்களே என்று நான் சொன்னதும் அவரே தலையாட்டினார். முறுகின அல்வாவின் அந்த ஆழ்ந்த செம்பழுப்பு முழுக்க, பெயர் மட்டும் சின்னதாகத் தமிழில், பளபளக்கும் தங்க ஃபாயில் வேண்டாம், எழுத்தை மேலெழுப்பி எம்பாஸிங் என்று முடிவானது. அந்த வண்ணத்தில் எண்ணெய்க் கறையும் தெரியவில்லை. 'எது பிடிச்சிருக்கு' என்று கேட்காமல் இருந்திருந்தால் ஒரு கறுப்பு டப்பாவைச் செய்து கொடுத்து, ஒரு மாதத்தில் திரும்ப வாங்கியிருப்பேன்.

இணையத்தை விட்டால் நம் ஊரில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். பத்தமடைக்குப் போங்கள். கோரையை நுணுக்கமாகக் கிழித்து நெய்த பாயை விரலால் தடவினால் துணி என்றுதான் தோன்றும். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரையும் நெய்து தருவார்கள், அந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். நெசவில் வளைவு கிடையாது, குறுக்கும் நெடுக்கும்தான். அதனால் 'ம'வின் வளைவு படிப்படியாக ஏறி இறங்கும், பழைய போன் ஸ்கிரீனில் தெரிந்த பிக்ஸல் எழுத்து மாதிரி. ஓர் எழுத்தை அடையாளம் தெரியவைக்க எத்தனை கட்டம் போதும் என்பதை அந்தத் தறியில் உட்கார்ந்தவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஒரு பாய்க்கடைக்கு லோகோ செய்ததே அந்த எழுத்தை எண்ணி எண்ணிக் கட்டத்தாளில் வரைந்துதான்.

குற்றாலம் சித்திர சபை, நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியம். கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களில் நகையின் ஒவ்வொரு மணியும் கல்லில் நிற்கிறது, நகைக்கடை வேலை செய்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்பப் போவது திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயில், ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை சுவர் ஓவியங்களும் மரச் சிற்பங்களும். கதையை நீளமான பட்டைகளாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டிருக்கிறார்கள், ஒரு பட்டையை முடித்துவிட்டு அடுத்ததற்கு இறங்க வேண்டும். காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று நாலைந்து நிறத்துக்குள்ளேயே அத்தனை கூட்டத்தையும் அடக்கியிருக்கிறார்கள். ஒரு கப்பல் இருக்கிறது, குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. கடல்வழியாகக் குதிரை வந்து இறங்கிய காலத்துக் காட்சி. குதிரைகளின் தலைகளை மட்டும் வரிசையாக எண்ணிப் பாருங்கள், கூட்டத்தைக் காட்டுவதற்கு எதை வரைய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது புரியும்.

கோபுரத்துக்குள் ஏறுவதற்குக் கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், போட்டோ எடுக்கவும் தனியாகக் கேளுங்கள். படிகள் குறுகல், உள்ளே இருட்டு. சுவரில் சாயாதீர்கள், கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போய் அந்தக் கப்பலை ஒருமுறை வரைந்துவிட்டு வாருங்கள், வந்ததும் எனக்குக் காட்டுங்கள்.